ஸ்ட்ரூனோ படகில் ஏறிய குழந்தை வண்டி

த்ரோன்ஸ, தோசிங்கத் தீவு
வெள்ளிக்கிழமை, ஜூன்

அன்புள்ள யோஹானாவுக்கு,

வில்லஸ் நன்றாக இருக்கிறான். இந்த ஒரு வரியை முதலில் படி. வேண்டுமானால் இன்னொரு முறையும் படித்துவிட்டு, அப்புறம் மற்றதற்கு வா. இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து, தன் காலுறையைக் கழற்றி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் உன் கணவன் எஸ்பென். காலையிலிருந்து அவன் மகனைக் கையெட்டும் தூரம் தாண்ட விடவில்லை.

நேற்று இங்கே ஒன்று நடந்தது. அதைக் கடிதத்திலேயே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மே மாதம் நீ கேட்டுக்கொண்டது வேறு மாதிரி. படம் அனுப்பாதே, அவன் குரலைக் கேட்க வைக்காதே, அவர்களோடு சில நாள் இருந்து பார்த்துவிட்டு உண்மையை மட்டும் எழுது என்றாய். நீ இல்லாமலே அவன் நன்றாக இருந்தால் கிரீன்லாந்தில் அந்தத் தசீலாக் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றாய். இந்த மாதக் கடைசிக்குள் நீ அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

எஸ்பென் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பின் கடைசி வாரங்களில் பிள்ளையோடு தெற்குத் தீவுகளைச் சுற்றப் போகிறான் என்று தெரிந்ததும் நானும் காரில் ஏறிக்கொண்டேன். உன்னுடைய கேள்வியைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை. தீவுகளைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று சொல்லி வைத்தேன். புத்தகப் பையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "பார்க்க வர்றியா, படிக்க வர்றியா? பின் சீட்டுல பிள்ளைக்கு இடம் விடு, போதும்."

நேற்று முன்தினம் வரை என் மனதில் எழுதி முடித்திருந்த கடிதம் வேறு. மோன் தீவுக்குப் பாலம் ஏறும்போது எஸ்பென் ஜன்னல்களை இறக்கிவிட்டான். காற்று முகத்தில் அடித்ததும் வில்லஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தான். அதிலிருந்து ஒவ்வொரு பாலத்துக்கும் அதே விளையாட்டு. போகோ தீவுக்கு நீருக்கு நடுவே கல் போட்ட சாலையில் போகும்போது ஒரு நாரைக்காக வண்டியை நிறுத்தினோம். ஃபால்ஸ்டர் பாலத்தில் மழை. லோலாண்டில் பீட்கிழங்கு வயல்களும், யாருமில்லாத சாலையும், எங்கோ ஒரு டிராக்டரும். நிற்கும் இடத்திலெல்லாம் எஸ்பென் ஒரு கையால் புட்டியைக் குலுக்கி, மறு கையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்து, அதற்கு நடுவே என்னையும் கிண்டல் செய்தான். உன் மகனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் வந்திருக்கிறது. தலையில் மட்டும் இன்னும் ஒரு முடி இல்லை. நீ விட்டுப்போன பிப்ரவரியில் இருந்த அதே முட்டைத் தலை. இரவில் எழுந்திருப்பதில்லை. யாரைத் தேடியும் அழுவதில்லை. அவன் நன்றாக இருக்கிறான், நீ கையெழுத்துப் போடலாம் என்று எழுத வேண்டியிருக்கும் என நினைத்து எனக்குத்தான் இரவில் தூக்கம் வரவில்லை.

லாங்கெலாண்ட் தீவில், ருட்கோபிங்கில் தங்கினோம். உங்கள் பெரிய வண்டி காரில் ஏறாது அல்லவா? அந்த விடுதியில் பிள்ளையோடு வருகிறவர்களுக்குக் குழந்தை வண்டி இரவல் தருகிறார்கள். எல்லாம் ஒரே கருநீலம், ஒரே பெரிய சக்கரம், ஒரே வெள்ளை வலை. பின்னால் நடந்ததற்கெல்லாம் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு சின்ன காபிக்கடை. வில்லஸ் தூங்கிவிட்டான். வண்டியைச் சுவரோரம், காற்று படாத பக்கம் நிறுத்தி, வலையை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போனோம். அங்கே இன்னும் சில வண்டிகள் தூங்கும் பிள்ளைகளோடு நின்றன. நாமும் இப்படித்தானே தூங்கி வளர்ந்தோம். பனிக்காலத்தில்கூட அம்மா நம்மைத் தோட்டத்தில்தான் கிடத்துவாள். நீ வாங்கிவைத்துவிட்டுப் போன அலாரம் நினைவிருக்கிறதா? ஒரு பாதி வண்டிக்குள், மறு பாதி எஸ்பென் சட்டைப் பையில். பிள்ளை முனகினால் பையில் கேட்கும். அதனால் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை.

மதியம் ஸ்ட்ரூனோ தீவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புவதாக இருந்தோம். படகு புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது. காரை இந்தப் பக்கமே விட்டுவிட்டு, படகை நிறுத்தி வைக்க நான் முன்னால் ஓடினேன். எஸ்பென் காபிக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வண்டியின் கீழ்க்கூடையில் இளஞ்சிவப்புப் பியோனிப் பூக்கள் இருந்தன. சாலையோரப் பெட்டிக்கடையில் வாங்கியிருப்பான், எனக்குத் தெரியாமல் யாரைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

படகு கரையை விட்டு நகர்ந்ததும் அவன் சட்டைப் பையிலிருந்த அலாரம் கீச்சிட ஆரம்பித்தது. பிள்ளையின் சத்தம் அல்ல, தொடர்பு அறுந்துபோனால் வரும் சத்தம்.

"பேட்டரி போச்சு போல" என்றான் எஸ்பென்.

நேற்றுத்தான் புதிது போட்டேன் என்றேன்.

"அப்ப நீ போட்டதுதான் கோளாறு. இங்க பாரு, வண்டி என் முழங்கால்ல இடிச்சுகிட்டு நிக்குது. இதுக்கு மேல எதோட தொடர்பு வேணுமாம் இதுக்கு?"

வலையைத் தூக்கி உள்ளே இருக்கும் பாதியைப் பார் என்றேன். அவன் ஒப்பவில்லை. "இப்பதான் நல்லாத் தூங்கறான். வெளிச்சம் பட்டா எழுந்துடுவான்." தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்க்கக் கூடாது, அது அவன் சட்டம். அம்மாவின் சட்டமும் அதுதான். கீச்சிடுவதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை மெல்ல ஆட்டியபடி பாட்டு முணுமுணுத்தான். துறைமுகம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. கடல் அசையாமல் கிடந்தது. எனக்கு ஏனோ அந்தச் சத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். சரி, உன் தொல்லைக்காக என்று சொல்லிவிட்டு, வலையைத் தூக்காமலே ஓரமாகக் கையை உள்ளே நுழைத்துத் துழாவினான்.

கை நின்றது.

"அஸ்டா" என்றான். "இவனுக்கு முடி இருக்கு."

அவன் கையை எடுக்கவும் இல்லை, வலையைத் தூக்கவும் இல்லை. நான்தான் தூக்கினேன். செம்பட்டைச் சுருள்முடியோடு ஒரு பெண் குழந்தை, கட்டைவிரலைச் சூப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிம்மதியான முகம். அந்த முகத்தைப் பார்த்து நான் பயந்த மாதிரி இதுவரை எதையும் பார்த்துப் பயந்ததில்லை.

எஸ்பென் வண்டியிலிருந்து பின்னால் போனான். ஒரு அடி, இன்னொரு அடி, கைப்பிடிக் கம்பி முதுகில் இடிக்கும் வரை. மேலே ஓடிப் படகோட்டியிடம் சொன்னது நான். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கீழே வந்து பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் துறைமுகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேசி முடித்து எஸ்பெனின் தோளில் கையை வைத்தார்.

"உன் பையன் பத்திரமா இருக்கான் தம்பி. அங்க கடைக்காரங்ககிட்டதான் இருக்கான். மூச்சை விடு முதல்ல. இந்தப் படகுல கோழி மாறிப் போயிருக்கு, பியானோ மாறிப் போயிருக்கு, ஒரு தடவ சவப்பெட்டியே மாறிப் போயிருக்கு. எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்துச்சு."

ஸ்ட்ராபெரித் தட்டுகளோடு இருந்த ஓர் அம்மாள் இருக்கையிலிருந்து எழாமலே, "பேச்சு என்ன, திருப்பு. என் பழம் அழுகிடாது" என்றாள். படகு அரை வட்டம் அடித்துத் திரும்பியது.

திரும்பும் வழியெல்லாம் அவன் வண்டியைத் தொடவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள்.

யோஹானா, அப்போது எனக்கு உன் நினைவு வந்தது. ஜனவரியில் உன் சமையலறையில், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி நீ சொன்னது. "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் பிள்ளைய மாத்திக் கொடுத்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது, அஸ்டா. எல்லா அம்மாவுக்கும் உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு அடிச்சுக்குமாம். எனக்கு ஒண்ணுமே அடிச்சுக்கல." உனக்கு ஏதோ குறை இருப்பதாக நீயே தீர்மானித்துக்கொண்டாய். அந்தத் தீர்மானத்தோடுதான் விமானம் ஏறினாய். இங்கே இருப்பவனோ மாதக்கணக்காக இரவும் பகலும் அந்தப் பிள்ளையைச் சுமந்தவன். அவன் வேறொரு பிள்ளைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாதிக் கடல் வந்துவிட்டான். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். எங்கள் இருவருக்கும் உள்ளே எதுவும் அடித்துக்கொள்ளவில்லை. கீச்சிட்டது அலாரம் மட்டும்தான், அதையும் அவன் அணைத்துவிட்டான்.

கரையில் அந்தக் குழந்தையின் பெற்றோர் நின்றிருந்தார்கள். தாயின் பெயர் ரிக்கெ. நம் வயதுதான். வில்லஸ் அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தான். அவள் சட்டைப் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறிப் போட்டிருந்தன. படகுப் பலகை கரையைத் தொடுவதற்குள் அவள் தாண்டி வந்து, வில்லஸை என் கையில் திணித்துவிட்டுத் தன் மகளை அள்ளினாள். அள்ளிய கையோடு அந்தக் கல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளின் முடியை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் கணவன் எஸ்பெனிடம் வந்தான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எப்படின்னு மட்டும் சொல்லு. சைக்கிளா இது, மாத்தி எடுத்துட்டுப் போக? ஒரே ஒரு தடவ எட்டிப் பார்க்கணும்னு தோணலையா உனக்கு?"

"தூங்கற பிள்ளைய எழுப்பக் கூடாதுன்னு..." என்றான் எஸ்பென்.

"ஸ்வென்போர்லேர்ந்து போலீஸ் வந்துகிட்டிருக்கு. இதை அவங்ககிட்ட சொல்லு. நான் இதைச் சும்மா விடப் போறதில்ல."

அதற்குள் ரிக்கெ தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையெல்லாம் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உங்க பையன் பசிச்சு அழுதான். புட்டி இல்ல, பை இல்ல. இவ எங்கயோ கடல் நடுவுல அழுதுகிட்டிருப்பா, இங்க இவன் அழறான். எனக்கு வேற ஒண்ணும் தோணல, என் பாலையே கொடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." மகளின் முடியைத் தடவிக்கொண்டே, "முதல்ல கொஞ்சம் தேடினான். அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி குடிச்சான். சட்டையைப் பிடிச்ச கைய விடவே இல்ல" என்றாள்.

பிப்ரவரியில் நீ விமானம் ஏறிய காலையோடு அவனுக்குப் புட்டிதான். இத்தனை மாதத்தில் மறந்திருப்பான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நீங்கதான் அம்மாவா என்று அவள் என்னைக் கேட்டாள். இல்லை, சித்தி என்றேன். அப்படியானால் அம்மா எங்கே என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. ஒரு அம்மா இன்னொரு அம்மாவைத் தேடும் குரல். நான் வாயைத் திறந்தேன். கிரீன்லாந்து, வேலை, ஒப்பந்தம் என்ற வார்த்தைகள் வரிசையாக நின்றன. நான் அவற்றைச் சொல்வதற்குள் எஸ்பென் சொல்லிவிட்டான்.

"அவனுக்கு அம்மா இல்லைங்க."

அவள் கணவன் எஸ்பெனைப் பார்த்தான், என் கையிலிருந்த மொட்டைத் தலையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். தொலைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். போலீசுக்கு வர வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து, "தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றான். ரிக்கெ எழுந்து நின்று, அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டாள்.

"யோஹானா" என்றான் எஸ்பென். நீ போன பிறகு உன் பெயரை அவன் வாயிலிருந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ரிக்கெ தன் வண்டியின் கீழ்க்கூடையிலிருந்து அந்தப் பியோனிப் பூக்களை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அவங்ககிட்ட வச்சிடுங்க" என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்லவில்லை. ஒரே நிமிடத்தில் உன்னைப் புதைத்துவிட்டார்கள், என் கண் முன்னால், இவ்வளவு அன்போடு. நான் உன் மகனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரூனோ போகவில்லை. விடுதிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, பாலம் ஏறிச் சியோ தீவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டோம். இந்த முறை அவன் ஜன்னலை இறக்கவில்லை. இருபுறமும் நீர் தட்டையாகக் கிடக்கும் அந்த நீண்ட சாலையில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டான்: "நான் சொன்னது பொய்தானே, அஸ்டா?"

நான் பின் சீட்டில் இருந்த வில்லஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் விடவில்லை. "போலீசுக்குப் பயந்து சொன்னேன்னு நினைக்காதே. வாயில வேற எதுவும் வரல. ஆனா அது பொய்தானே. பொய்னு சொல்லேன்." தோசிங்கப் பக்கம் வந்ததும் ஒரு வயலோரம் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பின் சீட்டில் வில்லஸ் தானே சிரித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் திறக்கும் என்று காத்திருந்தானோ என்னவோ.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அவன் நன்றாக இருக்கிறான். எஸ்பென் நல்ல அப்பா. நேற்று நடந்தது யாருக்கும் நடந்திருக்கும். நீ இருந்திருந்தால் நடந்திருக்காது என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரியாது. உனக்குள் ஏதாவது அடித்துக்கொள்கிறதா என்றும் இனிமேல் கேட்க மாட்டேன். அதை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்று நேற்று நடுக்கடலில் தெரிந்துகொண்டேன். அங்கே நீ பார்த்துக்கொள்கிற நோயாளிகளும் முக்கியம்தான். நீ அங்கேயே இருந்தாலும் உன் மேல் எனக்குக் கோபம் வராது. வருத்தம் வரும், அதை நான் என்னோடு வைத்துக்கொள்வேன்.

அந்தப் பூக்கள் இந்த மேசையில்தான் இருக்கின்றன, ஒரு கண்ணாடி டம்ளரில். வெளியே வீசவும் மனம் வரவில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே நகர்த்தினேன், இரண்டு முறையும் எஸ்பென் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

அங்கே கடலில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறதா? இரவெல்லாம் வெளிச்சம் என்று தூங்காமல் இருந்துவிடாதே. நன்றாகச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், யோஹானா. இதைச் சும்மா வழக்கத்துக்காக எழுதவில்லை. நேற்றைக்குப் பிறகு உனக்கு இதை எழுதும்போது எனக்குக் கண் மறைக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய். எனக்கு எழுத வேண்டாம். எஸ்பெனைத் தொலைபேசியில் கூப்பிடு. காரில் அவன் கேட்டது என்னால் பதில் சொல்லக் கூடிய கேள்வி இல்லை. அந்தத் துறைமுகத்தில் அவன் சொன்னதைப் பொய்யாக்கிவிடு.

உன் தங்கை
அஸ்டா